பித்தநாள அகநோக்கிச் சிகிச்சை: முறைகளும் பணிச்சூழலும்

காமாலை என்பது தனியொரு நோயன்று. உடலின் உள்ளே நிகழும் வெவ்வேறு கோளாறுகளின் பொது அறிகுறியாகும். கண்ணின் வெண்படலம் மஞ்சள் நிறம் பெறுவதைக் கண்டவுடன் மக்களில் பெரும்பாலோர் ஒரே காரணத்தையும் ஒரே மருந்தையுமே எண்ணுகின்றனர். குடிநீர் கெட்டதனால் வந்தது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் தீரும் என்பதே பரவலான நம்பிக்கை. தானாகவே தணியும் தன்மையுள்ள கல்லீரல் அழற்சி கண்டவர் பலர் இந்நம்பிக்கையோடிருந்தே குணமடைந்து விடுகின்றனர். ஆனால் பித்தநாளம் அடைபட்டதனால் காமாலை கண்டவருக்கு, இவ்வாறு காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு இடர் விளைப்பதாகும். அத்தகையோருள் பலருக்கு இன்று கிடைக்கும் முதன்மையான சிகிச்சை, வயிற்றைக் கீறாமல் வாய்வழியாக ஒரு நெகிழ்குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்குவதாகும். இச்சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது, அதனைச் செய்வோர் எத்தகைய சூழ்நிலையில் பணியாற்றுகின்றனர், அதன் பயனும் தீங்கும் எவற்றைப் பொறுத்துள்ளன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எர்ணாகுளம் மாவட்டத்தின் நிலை

எர்ணாகுளம் மாவட்டத்தின் ஆட்சித் தலைமையகம் கொச்சி நகரை அடுத்த காக்கநாட்டில் அமைந்துள்ளது. மட்டாஞ்சேரியின் பழைய வாணிகத் தெருக்கள் முதல் பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகள் வரை பலதிறப்பட்ட மக்கள் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாவூரை அடுத்த வேங்ஙூர் ஊராட்சியில் குடிநீர் வழியாக ‘ஏ’ வகைக் கல்லீரல் அழற்சி பரவி, இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. இவ்வாறு தொற்று பரவும் காலத்தில் காமாலை என்றவுடன் நீரை ஐயுறுவது இயல்பே. அவ்வியல்பினாலேயே வேறு காரணத்தால் காமாலை கண்ட ஒருவர் கவனிக்கப்படாமற் போகவும் நேரிடும்.

மேலும், பெரும்பாவூர்ப் பகுதியில் அஸ்ஸாம், மேற்கு வங்கம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையினராக உள்ளனர். கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் பித்தப்பைப் புற்றுநோய் தென்னாட்டைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே, அப்பகுதிகளிலிருந்து வந்த ஒருவருக்குக் காமாலை காணும்போது, அது தொற்றினால் வந்ததுதான் என்று ஆராயாமல் முடிவு செய்தல் தகாது.

பித்தநீரும் அதன் பாதையும்

கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 1,000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதன் ஒரு பகுதி பித்தப்பையில் தேங்கிச் செறிவுறுகிறது. கொழுப்புணவு குடலை அடைந்ததும் பித்தப்பை சுருங்கி, தேங்கிய நீரைப் பொதுப் பித்தநாளத்தின் வழியாக முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இந்நாளம் சுமார் 8 சென்டிமீட்டர் நீளமும், நலமுற்ற நிலையில் 6 மில்லிமீட்டர் அளவான விட்டமும் உடையது. குடற்சுவரை அது துளைத்து வெளிப்படும் இடத்தில் சிறு காம்பு போன்ற ஒரு முகிழ் உண்டு. 1720-ஆம் ஆண்டில் இப்பகுதியை விவரித்த ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் ஆபிரகாம் வாட்டரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. கணையத்திலிருந்து வரும் நாளமும் பெரும்பாலோருக்கு இம்முகிழிலேயே வந்து சேர்கிறது. இரு நாளங்களின் வாயையும் ஒரு சுருக்குத்தசை வளைத்துக் காக்கிறது. 1887-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதியவர் இத்தாலியரான ரூஜெரோ ஒடி ஆவார்.

சிவப்பணுக்கள் முதிர்ந்து அழியும்போது தோன்றும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளைக் கல்லீரல் நீரில் கரையும் வடிவமாக மாற்றிப் பித்தநீரோடு வெளியேற்றுகிறது. மலத்தின் பழுப்பு நிறம் இப்பொருளின் மாறுதலால் உண்டாவது. நாளம் அடைபட்டால் நிறப்பொருள் குடலை அடையாது. மலம் வெளிறிச் சுண்ணாம்பு கலந்த களிமண் போலாகும். கரையும் வடிவிலுள்ள பிலிருபின் இரத்தத்திற் பெருகிச் சிறுநீரகத்தின் வழியே வெளிப்படுவதால் சிறுநீர் கருந்தேயிலை நிறம் பெறும். தோலில் நமைச்சல் தோன்றும். பித்தநீர் இன்றிக் கொழுப்பும் அதில் கரையும் ‘கே’ வைட்டமினும் குடலில் உறிஞ்சப்படாமையால் இரத்தம் உறைவதும் தாமதப்படும். வெளிறிய மலம் தொற்றுக் காமாலையிலும் சில நாட்கள் காணப்படலாமாதலின், இவ்வறிகுறிகள் ஐயத்தை எழுப்பவே உதவும். இரத்தப் பரிசோதனையும் ஒலியலைப் படமுமே அதனைத் தீர்ப்பவை.

தேங்கிய பித்தநீரில் கிருமிகள் பெருகினால் நிலைமை கடுமையாகிறது. குளிருடன் கூடிய காய்ச்சல், வயிற்றின் வலப்புற மேற்பகுதியில் வலி, காமாலை ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுவதைப் பிரெஞ்சு மருத்துவர் சார்கோ 1877-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இது பித்தநாள அழற்சியின் அடையாளம். இரத்த அழுத்தம் வீழ்தலும் அறிவு மயங்குதலும் இவற்றோடு சேர்ந்தால் உயிர் நிலைப்பது அரிதாகிவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் இந்நிலையிற் போதாது. தேங்கியது வடிந்தாக வேண்டும்.

கருவி தோன்றிய வரலாறு

வளைந்த குழாயினூடே ஒளியைச் செலுத்திப் படத்தைப் பெறுதல் நெடுங்காலம் இயலாத செயலாக இருந்தது. மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகச் சேர்த்தால் ஒளி அவற்றின் உட்சுவர்களில் மீண்டும் மீண்டும் முழுப் பிரதிபலிப்புற்று மறுமுனையை அடையும் என்ற தத்துவம் இதற்கு வழி திறந்தது. பஞ்சாபில் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்ஸும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இழைக்கற்றையின் வழியாகப் படத்தைச் செலுத்திக் காட்டி, 1954-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் அதனை வெளியிட்டனர். அக்கட்டுரையைப் படித்துத் தூண்டப்பெற்ற பாசில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டில் இரைப்பையைக் காணும் நெகிழ் அகநோக்கியை உருவாக்கினார்.

1968-ஆம் ஆண்டில் வாஷிங்டனில் மக்கியூன் என்பவரும் அவர்தம் குழுவினரும் அகநோக்கி வழியாக வாட்டரின் முகிழினுள் நுண்குழாயைச் செலுத்தி, நாளங்களின் எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பெற்றனர். அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர்கள் பக்கவாட்டில் நோக்கும் கருவியைக் கொண்டு இம்முறையைச் செம்மைப்படுத்தினர். முகிழின் சுருக்குத்தசையை மின்கம்பியால் வெட்டிக் கல்லை எடுக்கும் முறையை ஜெர்மனியில் எர்லாங்கன் நகரின் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கியோட்டோவின் கவாயும் தனித்தனியே கண்டு 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். படம் எடுக்கும் முறையாகத் தோன்றிய ஒன்று அன்றுமுதல் சிகிச்சை முறையாகவும் மாறிற்று. நாளத்தினுள் தாங்குகுழாயை நிறுத்தும் வழக்கம் 1980-ஆம் ஆண்டளவில் ஹாம்பர்க்கில் சோகென்ட்ராவால் தொடங்கப்பட்டது.

காந்தப் புலத்தைக் கொண்டு நாளங்களைப் படமெடுக்கும் முறை 1990-களில் வளர்ந்த பின்னர், நோயைக் கண்டறிவதற்கென்று மட்டும் இச்சிகிச்சையை மேற்கொள்ளும் தேவை பெரிதும் குறைந்தது. இன்று காந்தப் படமோ, அகநோக்கி முனையிற் பொருத்திய ஒலியலைக் கருவியோ அடைப்பை முன்னரே உறுதிசெய்கிறது. அடைப்பு உண்டென்று தெரிந்த பின்னரே நாளத்தினுட் புகுவது முறை. தேவையற்ற நோயாளியிடம் இதனைச் செய்யாதிருப்பதே தீங்கைத் தவிர்க்கும் முதல் வழியாகக் கருதப்படுகிறது.

சிகிச்சை நடைபெறும் முறை

இச்சிகிச்சை மருத்துவமனைகளில் இ.ஆர்.சி.பி. என்னும் எழுத்துக்களால் வழங்கப்படுகிறது. நோயாளி திட உணவை 6 மணி நேரத்துக்குக் குறையாமல் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையும் காலம் முன்னரே அளக்கப்படுகிறது. குறையிருப்பின் ‘கே’ வைட்டமின் முதலியவற்றால் சரிசெய்யப்படுகிறது. நோயாளியைக் குப்புறவோ இடப்புறமாகவோ எக்ஸ்-கதிர் மேசையிற் கிடத்தி, உறக்க மருந்தோ மயக்க மருந்தோ தருகின்றனர். மூச்சையும் இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவையும் ஒருவர் இடைவிடாது கவனிக்கிறார்.

அகநோக்கியின் செருகும் பகுதி ஏறத்தாழ 1.25 மீட்டர் நீளமுடையது. இதன் கண் முனையில் இராமல் பக்கவாட்டில் உள்ளது. குடற்சுவரிலுள்ள முகிழை நேர்முகமாகக் காண்பதற்கே இவ்வமைப்பு. உபகரணங்கள் செல்லும் வழி 4 மில்லிமீட்டரினும் சற்று அகன்றது. அவ்வழியின் முடிவில் ‘உயர்த்தி’ என்னும் சிறு நெம்புகோல் உண்டு. நுண்குழாய் வெளிப்படும் கோணத்தை மருத்துவர் கட்டைவிரலால் மாற்றுவதற்கு இது பயன்படுகிறது. இச்சிறு உறுப்பே இக்கருவியின் சிறப்புமாகும். பின்னர்க் காணப்போவது போல, அதன் பெருங்குறையுமாகும்.

முகிழைக் கண்டதும் வழிகாட்டிக் கம்பியை நாளத்தினுள் மெல்லச் செலுத்துகின்றனர். பரவலாகப் பயன்படும் கம்பியின் விட்டம் 0.9 மில்லிமீட்டர் அளவினது. சாயத்தை முதலிற் செலுத்தி வழி தேடுவதைவிடக் கம்பியை முன்செலுத்தும் முறையில் கணைய அழற்சி குறைவாக நேர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. கம்பி உரிய நாளத்திற் புகுந்ததென்று உறுதியான பின், அயோடின் கலந்த ஒளிமறை நீர்மம் செலுத்தப்படுகிறது. எக்ஸ்-கதிர்த் திரையில் நாளம் கிளைத்த மரம்போல் தோன்றுகிறது. கல் இருந்தால் அதனூடே வெற்றிடமாகவும், இறுக்கம் இருந்தால் குறுகிய கழுத்தாகவும் புலப்படுகிறது.

பின்னர்ச் செய்வது அடைப்பின் தன்மையைப் பொறுத்தது. கல்லாயின், வில்லின் நாண்போல் கம்பி பூட்டிய குழாயினால் சுருக்குத்தசையை மின்சாரங்கொண்டு வெட்டி வாயை அகலப்படுத்துகின்றனர். அதன்பின் காற்றூதிய சிறு பலூனாலோ கம்பிக் கூடையாலோ கல்லைக் குடலுக்குள் இழுத்து விடுகின்றனர். பெருங்கல்லாயின் கூடையினுள்ளேயே நசுக்கியோ, நாளத்தினுட் புகும் மெல்லிய நோக்கியின் உதவியோடு மின்பொறியாலோ லேசர் ஒளியாலோ உடைத்தோ எடுப்பதுண்டு. இவ்வழிகளால் மிகப் பெரும்பாலான கற்கள் அகற்றப்படுகின்றன.

புற்றுநோயால் நாளம் இறுகியிருந்தால் தாங்குகுழாய் வைக்கப்படுகிறது. பிளாஸ்டிக் குழாய் விலை குறைந்தது. ஆயினும் பித்தநீரின் படிவாலும் கிருமிகளின் படலத்தாலும் சில மாதங்களில் அடைபடும். எனவே ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதனை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். தானே விரியும் உலோக வலைக்குழாய் 10 மில்லிமீட்டர் வரை விரிவதால் நெடுநாள் உதவுகிறது, விலை மிகுதி.

காச்மீரத்தின் அனுபவம் இங்குக் குறிப்பிடத்தக்கது. குடலில் வாழும் உருண்டைப்புழு முகிழின் வழியே ஏறிப் பித்தநாளத்தை அடைப்பது அங்கு மிகுதியாகக் காணப்பட்டது. ஸ்ரீநகர் மருத்துவர் முகம்மது சுல்தான் குரூவும் அவர்தம் குழுவினரும் இவ்வாறு நோயுற்ற 500 பேரைப் பற்றி 1990-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் எழுதினர். மருந்துக்கு இணங்காதபோது அகநோக்கியால் புழுவைப் பற்றி வெளியே எடுக்கலாம். ஆயினும் கல்லுக்குச் செய்வதுபோல் சுருக்குத்தசையை அகல வெட்டுவது இங்குத் தவிர்க்கப்படுகிறது. அகன்ற வாயின் வழியே புழுக்கள் மீண்டும் ஏறுவது எளிதாகிவிடும். நோய்க்கேற்ப முறை மாறவேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

காலத்தாற் செய்தலின் பயன்

கடுமையான பித்தநாள அழற்சி கண்ட 82 நோயாளிகளைக் கொண்டு ஹாங்காங்கில் நிகழ்த்திய ஆய்வொன்று 1992-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு அவசர ரண சிகிச்சையும் மறுபாதியினருக்கு அகநோக்கி வழி வடிப்பும் செய்யப்பட்டன. ரண சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 32 பேரும், அகநோக்கிச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 10 பேரும் இறந்தனர். இவ்வேறுபாடே இக்கருவி மருத்துவத்திற் பெற்ற இடத்தை விளக்கும். ஆனால் நோயாளி உரிய மருத்துவமனையை வந்தடைந்த பின்னரே அது பயன்தரும். கொச்சி நகரில் இடப்பள்ளியை அடுத்து 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய அமிர்தா மருத்துவ விஞ்ஞான நிறுவனம் முதலிய பெரிய மருத்துவமனைகளில் இச்சிகிச்சை நடைபெறுகிறது. மாவட்டத்தின் மலையோரச் சிற்றூரிலிருந்து நகருக்கு வரும் தொலைவு சில மணி நேரமே; நாட்டு மருந்தை நம்பிக் கழிந்த நாட்களே நோயாளியை உண்மையில் தாமதப்படுத்துகின்றன.

பணியறையும் கதிர்வீச்சும்

இச்சிகிச்சை ஒருவரால் மட்டும் நடைபெறுவதன்று. அகநோக்கியைக் கையாளும் மருத்துவர், கம்பியையும் குழாய்களையும் இயக்கும் உதவியாளர், மயக்க மருந்து மருத்துவர், செவிலியர், எக்ஸ்-கதிர்ப் பணியாளர் ஆகிய ஐவரேனும் சேர்ந்து பணியாற்றுகின்றனர். எல்லோரும் கதிர்வீச்சின் அருகிலேயே நிற்கின்றனர். எக்ஸ்-கதிர்க் குழலிலிருந்து நேரே வருவதைவிட, நோயாளியின் உடலிற் பட்டுச் சிதறுவதே இவர்களை மிகுதியாகத் தாக்குகிறது. குழல் மேசைக்குக் கீழே அமைந்திருந்தால் இச்சிதறலின் பெரும்பகுதி தரையை நோக்கிச் செல்லும்; மேலே அமைந்திருந்தால் கண்ணையும் கழுத்தையும் தாக்கும்.

பாதுகாப்பு மூன்று சொற்களில் அடங்கும்: காலம், தொலைவு, தடுப்பு. திரையைப் பார்க்கும்போது மட்டுமே மிதிவிசையை அழுத்துதலும், தொடர் கதிருக்கு மாறாக விட்டுவிட்டு வரும் கதிரைப் பயன்படுத்துதலும் காலத்தைக் குறைக்கும். தொலைவு இரட்டித்தால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகும். ஆதலின் ஓரடி பின்னே நகர்ந்து நிற்பதும் வீணன்று. ஈய அங்கி, கழுத்துக் காப்பு, ஈயக் கண்ணாடி, மேசையோரம் தொங்கும் ஈயத் திரை ஆகியவை தடுப்பாகும். அங்கியை மடித்து வைத்தால் உள்ளே ஈயப்படலம் வெடிக்கும். அதனைத் தொங்கவிட்டே வைத்தல் வேண்டும்.

இந்தியாவில் இப்பணியை 1983-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மேற்பார்வையிடுகிறது. கதிர்வீச்சுப் பணியாளர் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறலாகாது. எந்தத் தனியாண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என்பது வாரியத்தின் வரம்பு. பொதுமக்களுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட் ஆகும். கருவுற்ற பணியாளர் தம் நிலையைத் தெரிவித்தபின் கருவுக்கான வரம்பும் அதுவே. ஒவ்வொருவரும் மார்பில் அங்கிக்கு உட்புறம் அணியும் அளவைப் பட்டையில் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வட்டுக்கள் உள்ளன. இவை ஏற்ற கதிர்வீச்சைச் சேமித்து, சூடுபடுத்தும்போது ஒளியாக வெளியிடும். அவ்வொளியை அளந்து பணியாளர் பெற்ற அளவைக் கணிக்கின்றனர். பட்டையை மேசை அறையிற் போட்டுவிட்டுப் பணிசெய்தால், ஏட்டில் பாதுகாப்பும் உடலில் தீங்கும் சேரும். கண்ணின் வில்லை முன்னர் எண்ணியதைவிட எளிதிற் கெடுவதென்று கண்டு, அதற்கான வரம்பை ஆண்டுக்கு 150-இலிருந்து சராசரி 20 மில்லிசீவர்ட்டாகக் குறைக்குமாறு சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு 2011-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

ஈய அங்கியின் பாரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, இடக்கையில் கருவியைப் பிடித்துக் கட்டைவிரலால் சக்கரங்களைத் திருப்பியவாறு நெடுநேரம் நிற்பதனால் கழுத்து, முதுகு, கட்டைவிரல் ஆகியவற்றில் வலி உண்டாதல் இத்துறையினரிடம் பரவலாகக் காணப்படுகிறது. மேலங்கியும் இடுப்பாடையுமாகப் பிரிந்த ஈய உடை பாரத்தை இடுப்புக்கும் பகிர்கிறது. திரையை நேர்முகமாகக் கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே அமைத்தலும், மேசையை முழங்கை உயரத்திற்கேற்ப நிறுத்தலும், காலடியில் மெத்தென்ற விரிப்பு இடுதலும் செலவு குறைந்த திருத்தங்களே. களைப்புற்ற கை முகிழை மீண்டும் மீண்டும் துன்புறுத்தும். ஆகவே பணியாளரின் நலமும் நோயாளியின் நலமும் இங்கு வேறல்ல.

கருவியைத் தூய்மை செய்தல்

அகநோக்கியைக் கொதிநீராவியில் இட்டால் அது கெட்டுவிடும். எனவே வேதிப்பொருள்களாலேயே கிருமி நீக்கம் செய்யப்படுகிறது. சிகிச்சை முடிந்தவுடன், அழுக்கு உலருமுன், நோயாளியின் அருகிலேயே துடைத்து, குழல்வழியே நொதிநீர்மத்தை உறிஞ்சச் செய்தல் முதற்படி. கசிவுச் சோதனை இரண்டாவது. தூரிகைகொண்டு ஒவ்வொரு குழல்வழியையும், உயர்த்தியை ஏற்றியும் இறக்கியும் அதன் பின்புறத்தையும் தேய்த்துக் கழுவுதல் மூன்றாவது. பின்னரே 2 சதவீதக் குளுட்டரால்டிஹைடு போன்ற கிருமிநீக்க நீர்மத்தில் குறித்த நேரம் அமிழ்த்துகின்றனர். அதன்பின் நன்கு அலசி, காற்றைச் செலுத்தி உலர்த்தி, தொங்கவிட்டு வைக்கின்றனர். தேய்த்துக் கழுவுதலிற் குறை நேர்ந்தால் எத்துணை வலிய நீர்மமும் பயன்படாது. படிந்த அழுக்கின் அடியில் கிருமி பிழைத்திருக்கும்.

உயர்த்தியின் பின்னேயுள்ள நுண்ணிய இடுக்குகளே இதற்குத் தலையாய இடர். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், மருந்துகளுக்கு அடங்காத கிருமியொன்று இத்தகைய கருவிகளின் வழியே நோயாளிகளுக்குப் பரவி உயிரிழப்பு நேர்ந்தது. பிற இடங்களிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் வெளிப்பட்டன. அதன் விளைவாக, முனைப்பகுதியைக் கழற்றி எறியத்தக்க கருவிகளுக்கு மாறுமாறு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2019-ஆம் ஆண்டில் மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைத்தது.

கொச்சியைப் போன்ற கடலோர நகரில் உலர்த்துதல் தனிக்கவனத்துக்கு உரியது. இங்கு இருபருவ மழையும் பெய்வதால் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்துள்ளது. குழல்வழியில் எஞ்சிய ஒரு துளி நீரும் ஓரிரவில் கிருமிகளின் விளைநிலமாகும். குளுட்டரால்டிஹைடின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்துவதால், கழுவும் அறையில் காற்றோட்டமும், பணியாளருக்குக் கையுறையும் முகக்காப்பும் இன்றியமையாதவை. கழுவுமிடத்தில் நிற்கும் அவ்வூழியரின் அவசரமோ பொறுமையோ அடுத்த நோயாளியின் கதியை நிர்ணயிக்கும்.

நேரக்கூடிய தீங்குகள்

இச்சிகிச்சைக்குப் பின் நேரும் தீங்குகளுள் முதன்மையானது கணைய அழற்சி. நோயாளியின் தன்மைக்கேற்ப நூற்றுக்கு மூவர் முதல் பதின்மர் வரை இதற்கு உள்ளாகின்றனர். பெரும்பாலோருக்கு இது மிதமாக நேர்ந்து தணியும், சிலருக்குக் கடுமையாகும். வெட்டிய இடத்தில் இரத்தப்பெருக்கு நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு நேரலாம். குடலிற் துளை விழுதல் அரிது. கணைய அழற்சிக்கு இடர் மிக்க 602 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நிகழ்த்தி 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மலவாய் வழியே இண்டோமெதசின் மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 9.2 பேருக்கும், பெறாதோருள் 16.9 பேருக்கும் அழற்சி நேர்ந்தது. விலைமலிந்த ஒரு மருந்து தீங்கைப் பாதியளவுக்குக் குறைத்தது இவ்வாய்வின் சிறப்பு. மருத்துவரின் பயிற்சியும் முக்கியமானது. ஏறத்தாழ 200 சிகிச்சைகளையேனும் மேற்பார்வையிற் செய்த பின்னரே ஒருவரின் திறனை மதிப்பிடத் தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க அகநோக்கிச் சங்கத்தின் கருத்து.

களப்பணியாளரும் ஆசிரியரும்

சுகாதாரக் களப்பணியாளர் காமாலை கண்டவரைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைத் தவறாது கேட்டல் நலம்: மலம் வெளிறியுள்ளதா? உடல் நமைகிறதா? வயிற்றின் வலப்புறம் வலிக்கிறதா? குளிருடன் காய்ச்சல் வருகிறதா? முதலிரண்டுக்கும் ஆம் எனின் இரத்தப் பரிசோதனைக்கும் ஒலியலைப் படத்திற்கும் விரைவில் அனுப்ப வேண்டும். காமாலையோடு குளிர்க்காய்ச்சலும் இருப்பின் அன்றே அனுப்ப வேண்டும். வலியின்றி நாளுக்கு நாள் மிகும் காமாலை முதியோரிடம் காணப்பட்டால், அதனைச் சிறிதென்று எண்ணலாகாது. நாளத்தையோ கணையத்தையோ பற்றிய புற்று அதன் காரணமாக இருக்கலாம்.

சிகிச்சை பெற்றுத் திரும்பியவரையும் கவனித்தல் வேண்டும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கருநிற மலம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குத் திரும்பச் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் தாங்குகுழாய் வைக்கப்பட்டவர், காமாலை தணிந்ததும் நலம் பெற்றோமென்று எண்ணி அதனை மறந்து விடுவதுண்டு. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளரிடம் இம்மறதிக்கு வாய்ப்பு மிகுதி. மறந்த குழாய் அடைபட்டால் பித்தநாள அழற்சி முன்னினும் கடுமையாகத் திரும்பும். குழாய் வைத்த நாளும், எடுக்க வேண்டிய நாளும் நோயாளி அறிந்த மொழியில் ஒரு சீட்டில் எழுதப்பட்டு அவர் கையில் இருத்தல் வேண்டும். களப்பணியாளரின் குறிப்பேட்டிலும் அந்நாள் இடம்பெற்றால் ஓர் உயிர் காக்கப்படலாம்.

ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. 2015-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படுகிறது. அதனை விழுங்கச் செய்யும் ஆசிரியர், காச்மீரத்து மருத்துவர் அகநோக்கியால் தேடிய அதே புழுவை அது நாளத்தை எட்டுமுன்னரே அகற்றுகிறார். இரத்தம், செரிமானம், ஒளியின் முழுப் பிரதிபலிப்பு ஆகிய பாடங்களை நடத்தும்போது, மஞ்சள் நிறம் ஏன் தோன்றுகிறது, இழைக்கற்றை உடலினுள் எவ்வாறு காண்கிறது என்பவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லிக்கு முன் பரிசோதனை என்ற ஒரு செய்தியை மாணவர் வீட்டிற்கு எடுத்துச் சென்றாலே பெரும்பயன் விளையும்.

அகநோக்கியின் நுட்பம் வியப்புக்குரியதே. எனினும் அதன் பயன் மருத்துவரின் கையில் மட்டும் அடங்கியதன்று. நோயாளியை உரிய நாளில் அனுப்பும் களப்பணியாளர், அளவைப் பட்டையை மறவாது அணியும் உதவியாளர், உயர்த்தியின் இடுக்கைப் பொறுமையோடு தேய்க்கும் ஊழியர், குழாய் எடுக்கும் நாளை நினைவூட்டும் செவிலியர் ஆகியோர் ஒரு சங்கிலியின் கண்ணிகள். அவற்றுள் ஒன்று அறுந்தாலும் நோயாளியே அதன் விலையைக் கொடுக்கிறார்.